வமிசமும் ஆசனமும்



பண்பாட்டைப் பற்றிய வாதங்கள் பண்பாட்டளவில் நின்றுவிடுவது அரிது. "நீ யார்?" என்னும் வினாவின் பின்னே, "உனக்குரிய பங்கு எவ்வளவு?" என்னும் வேறொரு வினாவும் பெரும்பாலும் மறைந்து நிற்கும். இதற்குத் தக்க சான்று நம் நாட்டுச் சரித்திரத்திலேயே உளது.

1888ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் வமிச வரலாறு பற்றிய கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார். மொழியையும் வழக்கங்களையும் ஆராயின், அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்பது அவரது முடிபு. சோனகர் இதனை ஏற்றிலர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பு நூலில், தம் முன்னோர் அரபு வணிகர் என்றும், தமிழ் அவர்கள் வாணிகத்தின் பொருட்டு மேற்கொண்ட மொழி என்றும் வாதித்தார்.

இது புலவர் இருவரின் வழக்கு மட்டுமன்று. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் ஆறே. அவற்றுள் ஐரோப்பியர்க்கு மூன்று. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு ஒவ்வொன்று. சோனகருக்கு ஒன்றுமில்லை. இராமநாதனோ அப்போது தமிழ்ப் பிரதிநிதி. சோனகர் தமிழரேயாயின், தனி ஆசனம் வேண்டுவதற்கு நியாயம் ஏது? வமிசக் கேள்வி இவ்வாறு ஆசனக் கேள்வியாயிற்று. 1889இல் எம். சி. அப்துல் றஹ்மான் முஸ்லிம்களின் முதற் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார்.

கோமாரியிலிருந்து கல்முனை வரை கரையோர வீதியிற் செல்வோர், தமிழூரும் முஸ்லிமூரும் மாறி மாறி வரக் காண்பர். மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறையும் இரு சாராருக்கும் பொது. எனினும், ஒத்த மொழி பேசுவோர் என்ற காரணத்தால், ஒருவருக்காக மற்றவர் பேசும் உரிமை தானாக வந்துவிடாது. சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழிலேயே தம் சமூகத்தின் தனிக்குரலை ஒலித்தது.

அதே வினா இடம் மாறியும் எழும். 2019 ஜூனில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் நிகழ்ந்தது; முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இரு பக்கமும் ஒலித்தது இனத்தின் பெயர். வழக்குக்குரியவை எல்லையும் காணியும் நிதியும் அதிகாரமும். அன்று ஆசனம் வேண்டிய சோனகரின் நியாயத்தை உணர்வோர், இன்று தம் அயலார் கேட்கும் பங்கினையும் அதே தராசில் நிறுத்தல் வேண்டும்.

வமிசத்தை வாதித்து முடிப்பார் இலர். எல்லையையும் நிதியையுமோ கணக்கிடலாம், பகிரலாம். அக்கணக்கை எதிரெதிரே அமர்ந்து பேசுதற்கு, இரு சாராருக்கும் பொதுவான தமிழ் நம்மிடம் உண்டன்றோ?