மலேசியா – இந்தோனேசியா மோதல் (1963–1966): காரணமும் வளர்ச்சியும்

தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியத் தொழிலாளர்கள். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய காலத்தில் அதே நாடு மலேசியாவுக்கு எதிராகப் படை அனுப்பியது. 'கொன்ஃப்ரொந்தாசி' எனப்படும் அந்த மோதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பிரித்த கோடு

1824 மார்ச் 17-இல் பிரிட்டனும் ஹாலந்தும் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மலாக்கா பிரிட்டனுக்கும், சுமத்ராவின் பெங்கூலு டச்சுக்காரர்களுக்கும் கைமாறின. நீரிணைக்கு இருபுறமும் ஒரே மொழியும் உறவும் கொண்டிருந்த மக்கள் இரு ஆட்சிகளின் கீழ் பிரிந்தனர். நெகிரி செம்பிலானே இதற்குச் சாட்சி. இங்குள்ள மினாங்கபாவ் மக்களின் பூர்வீகம் மேற்குச் சுமத்ரா. 1773-இல் முதல் யாம்துவான் ராஜா மெலேவாரும் அங்கிருந்தே வரவழைக்கப்பட்டார். போர்னியோ தீவின் எல்லை பின்னர் 1891-இல் தனி உடன்பாட்டால் வகுக்கப்பட்டது.

காரணங்கள்

இந்தோனேசியா போராடிச் சுதந்திரம் பெற்றது. மலாயா 1957-இல் பேச்சுவார்த்தை வழியே பெற்றது. பிரிட்டிஷ் படை தொடர்ந்து இங்கிருந்தது. இதனால் அதிபர் சுகர்ணோவுக்கு மலாயாமீது நம்பிக்கை இல்லை. 1958-இல் மேற்குச் சுமத்ராவில் ஜகார்த்தாவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்கு மலாயா அனுதாபம் காட்டியதாக எழுந்த சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

1961 மே 27-இல் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியக் கூட்டமைப்பு யோசனையை வெளியிட்டார். சபாவும் சரவாக்கும் அதில் சேர்வது பிரிட்டனின் சூழ்ச்சி என்றார் சுகர்ணோ. சபாவுக்கு உரிமை கோரிய பிலிப்பைன்சும் எதிர்த்தது. 1962 டிசம்பரில் புருணையில் கிளர்ச்சி வெடித்தது.

மோதல் வளர்ந்த விதம்

1963 ஜனவரியில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ மோதல் கொள்கையை அறிவித்தார். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐ.நா. குழு ஆராய்ந்தது. ஆனால் அதன் அறிக்கை வருமுன்பே மலேசியா அமையும் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டது. பெரும்பான்மையினர் மலேசியாவை ஆதரிப்பதாக அறிக்கை கூறியும் ஜகார்த்தா ஏற்கவில்லை. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. இரு தினங்களில் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது.

சண்டை பெரும்பாலும் போர்னியோ காட்டெல்லையில் நடந்தது. 1964-இல் அது தீபகற்பத்துக்கும் வந்தது. ஆகஸ்ட் 17-இல் பொந்தியான் கடற்கரையில் ஆயுதமேந்தியவர்கள் இறங்கினர். செப்டம்பர் 2-இல் சுமார் நூறு பேர் லாபிஸ் அருகே பாராசூட்டில் குதித்தனர். லாபிஸ் நமக்குத் தூரமல்ல. சிகாமட், கிம்மாஸ் தாண்டினால் பகாவ் பாதை. மறுநாளே நாடெங்கும் அவசரகாலம் பிரகடனமானது. மக்கள் வரவேற்பார்கள் என நம்பி வந்தவர்களுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. பெரும்பாலோர் பிடிபட்டனர் அல்லது கொல்லப்பட்டனர்.

முடிவும் பின்விளைவும்

1965-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் சுகர்ணோவின் பிடி தளர்ந்து, அதிகாரம் சுஹார்தோவிடம் சென்றது. 1966 ஆகஸ்ட் 11-இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் கணக்குப்படி 590 இந்தோனேசியரும், காமன்வெல்த் தரப்பில் 114 பேரும் மாண்டனர். ஓராண்டுக்குள், 1967 ஆகஸ்ட் 8-இல், ஆசியான் அமைப்பில் இரு நாடுகளும் ஒன்றாக அமர்ந்தன.

எல்லைச் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்கு இரு நாடுகளும் உரிமை கோரின. இம்முறை படை செல்லவில்லை. வழக்கு அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. 2002 டிசம்பர் 17-இல் அவை மலேசியாவுக்கே எனத் தீர்ப்பானது. இந்தோனேசியா அதை ஏற்றது. அம்பாலாட் கடற்பகுதி பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

1964-இல் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அந்த நாட்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகள் இப்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது.