இமயமலை நடைப்பயணமும் ஒற்றைத் தலைவலியும்: எது வழக்கமானது, எது ஆபத்தானது?

லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தரகண்ட், சிக்கிம் ஆகிய பகுதிகளின் மலைப்பாதைகளுக்கு ஆண்டுதோறும் நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் பயணிகள் செல்கின்றனர். அவர்களுள் கணிசமானோர், 'மைக்ரேன்' எனப்படும் ஒற்றைத் தலைவலியைப் பல ஆண்டுகளாகச் சமாளித்து வருபவர்கள். கர்நாடகத்தில் நடத்தப்பட்டு 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஓராண்டு காலத்துக்குள் இப்பாதிப்பு இருந்ததாகத் தெரிவித்தது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது.

இத்தகையோர் மலைப்பயணத்தைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், சமவெளியில் தலைவலி வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம், 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். 'இது எனக்கு வழக்கமாக வரும் தலைவலிதான்' என்று எண்ணி மேலே ஏறிச் செல்வதே அங்கு நேரக்கூடிய மிகப் பெரிய தவறு.

ஒற்றைத் தலைவலி என்பது யாது?

மூளை மற்றும் நரம்பு மண்டலத்தின் செயல்பாட்டில் ஏற்படும் மாற்றத்தால் மீண்டும் மீண்டும் தோன்றும் நோய் இது. உரிய சிகிச்சை எடுக்காவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். வலி பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் தோன்றும். நாடி துடிப்பதைப் போல விட்டுவிட்டுத் தெறிக்கும். நடந்தாலோ, படி ஏறினாலோ கூடும். குமட்டல், வாந்தி, வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க இயலாமை ஆகியவை உடன் வரும். 'ஒற்றை' என்ற பெயர் வழங்கினாலும் இருபுறமும் வலி வருவோரும் உண்டு.

சிலருக்கு வலி தொடங்கும் முன் கண்முன்னே வளைவு நெளிவான ஒளிக்கோடுகள் தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதி மறைதல், கை விரல்களிலிருந்து முகம் வரை மரத்துப்போதல் போன்ற முன்னறிகுறிகள் தென்படும். இவை மெல்ல மெல்லப் பரவி, பொதுவாக 5 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும்.

மலையில் ஏன் தூண்டப்படுகிறது?

ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் காரணிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனினும், அவற்றுள் பல மலைப்பயணத்தில் ஒரே நாளில் ஒன்றுசேர்கின்றன. சிகரத்தை நோக்கிய இறுதி நடை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்குவதால் உறக்கம் குறைகிறது. பசியின்மையால் உணவு தள்ளிப்போகிறது. குளிரில் தாகம் தெரியாததால் நீர் அருந்துவது குறைகிறது. வறண்ட காற்றில் வேகமாக மூச்சுவிடும்போது உடலின் நீர் மேலும் இழக்கப்படுகிறது. புதிதாகப் பெய்த பனி, தன் மீது விழும் சூரிய ஒளியின் பெரும்பகுதியை அப்படியே கண்களை நோக்கித் திருப்பி அனுப்புகிறது.

இவற்றுடன் பழக்கமில்லாத கடும் உடலுழைப்பு, மண்ணெண்ணெய் அடுப்பின் புகை, தோள்களை அழுத்தும் சுமைப்பை, நெற்றியை இறுக்கும் தலைவிளக்கின் பட்டை ஆகியவையும் சேர்கின்றன. நாள்தோறும் மூன்று, நான்கு முறை காபி அருந்துவோர் முகாமில் திடீரென அதை நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கலாம். இது மலையால் வந்த வலி அல்ல. காபியை நிறுத்தியதால் வந்த வலி.

உயரம் தரும் தலைவலி

கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் செல்லும்போது, ஒற்றைத் தலைவலியே இல்லாதவர்களுக்கும் தலைவலி வருவது பொதுவானது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 சதவீதமே. ஆனால், உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும்.

தலைவலியுடன் குமட்டல், கடும் சோர்வு, தலைசுற்றல் ஆகியவை சேர்ந்தால் அது உயர்மலை நோயின் தொடக்கமாகும். இது முற்றினால் மூளையில் வீக்கமோ, நுரையீரலில் நீர் கோத்தலோ ஏற்பட்டு, சில மணி நேரங்களில் உயிரிழப்பு நேரிடலாம். ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கு உயர்மலை நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக்சிஜன் குறைவு ஒற்றைத் தலைவலியையே தூண்டக்கூடும் என்பதும் ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. எனவே, இரண்டும் ஒரே நேரத்தில் வரவும் வாய்ப்புண்டு.

தென்னிந்திய மலைகளின் நிலை வேறு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கர்நாடகத்தின் முல்லையனகிரி சிகரம் சுமார் 1,930 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வுயரங்களில் உயர்மலை நோய் அரிது. அங்கு வரும் தலைவலிக்கு வெயில், நீரிழப்பு, பசி, உறக்கமின்மை ஆகியவற்றையே முதலில் ஆராய வேண்டும்.

வேறுபடுத்தி அறிவது எப்படி?

வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமை, கண்முன் ஒளிக்கோடுகள், ஒரு பக்கம் மட்டும் தெறிக்கும் வலி, முன்பு பலமுறை வந்த அதே வரிசையில் அறிகுறிகள் தோன்றுதல் ஆகியவை ஒற்றைத் தலைவலியைச் சுட்டுகின்றன. உயரத்தால் வரும் வலி பெரும்பாலும் தலையின் இருபுறமும் பரவியிருக்கும். உடலுழைப்பின்போதும் குனியும்போதும் கூடும். 2,500 மீட்டருக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் மறையும்.

ஆயினும் குமட்டலும் சோர்வும் இரண்டுக்கும் பொதுவானவை. வலி நிவாரணி மாத்திரையால் வலி அடங்கிவிட்டது என்பதும் சான்று ஆகாது. இரு வகை வலியும் அதற்கு அடங்கக்கூடியவை. எனவே, 2,500 மீட்டருக்கு மேல் வரும் எந்தத் தலைவலியையும், வேறு காரணம் உறுதிப்படும் வரை உயர்மலை நோயாகவே கருத வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பெரிப்பதாலும், மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவதாலும் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஒரே கூடாரத்தில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உடனடியாக அனைவரும் வெளியேறித் திறந்த வெளிக்கு வர வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே தலைவலிக் குறிப்பேடு ஒன்றைப் பேணுவது நல்லது. வலி வந்த நாள், நேரம், முந்தைய இரவின் உறக்கம், உணவு, மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை ஆகியவற்றைக் குறித்துவைத்தால் தூண்டும் காரணி எது என்பது தெளிவாகும். நடைப் பயிற்சியையும் இதே காலத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

பயணத் திட்டத்தில் உடல் பழகுவதற்கான நாள்கள் இடம்பெற வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் தேவை. தில்லியிலிருந்து விமானத்தில் செல்வோர் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் லே நகரை அடைந்துவிடுகின்றனர். உடல் பழகுவதற்கு அவகாசமே இல்லாததால், முதல் இரு நாள்களை அங்கேயே ஓய்வில் கழித்த பின்னரே மேற்கொண்டு பயணிக்க வேண்டும். கெளரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஒரே நாளில் ஏறும் பக்தர்கள் சுமார் 1,600 மீட்டர் உயரத்தைக் கடக்கின்றனர் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அத்தகைய பரிசோதனையின்போது ஒற்றைத் தலைவலி இருப்பதையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காமல் கூற வேண்டும்.

மருந்துகளில் கவனம்

ஒற்றைத் தலைவலிக்குத் தொடர்ந்து உட்கொள்ளும் தடுப்பு மருந்துகளைப் பயணத்துக்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால், அவற்றின் தன்மையை அறிந்திருக்க வேண்டும். புரோப்ரனலால், உடலுழைப்பின்போது இதயத் துடிப்பு கூடுவதைக் கட்டுப்படுத்தும் என்பதால் ஏற்றத்தில் விரைவில் களைப்பு தோன்றலாம். அமிட்ரிப்டிலின், ஃபுளூனரிசின் ஆகியவை தூக்கக் கலக்கத்தை ஏற்படுத்தலாம். டோபிராமேட் சிலருக்கு வியர்வையைக் குறைப்பதால் வெயிலில் உடல் வெப்பம் கூடும்.

உயர்மலை நோயைத் தடுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மருந்து அசிட்டசோலமைடு. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து அளிக்கப்படுகிறது. டோபிராமேட் உட்கொள்வோர் இதையும் சேர்த்து எடுத்தால் சிறுநீரகக் கல், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுதல் ஆகிய இடர்கள் அதிகரிக்கும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை உள்ளோரும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அசிட்டசோலமைடு விரல்களில் கூச்ச உணர்வை உண்டாக்கும். அதை ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

தாக்குதலின்போது எடுக்கும் சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகள் இதயநோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோருக்கு ஏற்றவை அல்ல. எந்தப் புதிய மருந்தையும் முதன்முறையாக மலையில் பரிசோதிக்காமல், வீட்டிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும். எர்கோட்டமைன் கலந்த மாத்திரைகள் கை, கால் விரல்களின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால் கடுங்குளிரில் தவிர்க்கத்தக்கவை.

சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை மருந்துகளை 10 நாள்களோ அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதங்கள் எடுத்துவந்தால், அம்மருந்துகளே தலைவலிக்குக் காரணமாகிவிடும். அந்நிலையில் இருப்போர் பயணத்துக்கு முன் நரம்பியல் மருத்துவரை அணுகுவது அவசியம்.

பாதையில் கடைப்பிடிக்க வேண்டியவை

காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. கடலைமிட்டாய், உலர் பழங்கள், வறுத்த பருப்பு வகைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உண்ணலாம். நீரைச் சிறுகச் சிறுக அருந்த வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். அதே வேளையில், அளவுக்கு மீறி நீர் பருகுவதால் உயர்மலை நோயைத் தடுக்க முடியாது. அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தனியொரு தலைவலிக்கு வழிவகுக்கும்.

பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும் தேவை. மூச்சு வாங்காமல் பேச முடியும் வேகத்திலேயே நடக்க வேண்டும். மது, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காபி, தேநீர் பழக்கம் உள்ளோர் அவற்றை வழக்கமான அளவில் தொடரலாம்.

ஒற்றைத் தலைவலி இருப்பதை வழிகாட்டியிடமும் உடன் வரும் ஒருவரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாத்திரைகளைச் சுமைப்பையின் அடியில் வைக்காமல், உறையாதவாறும் உடனே எடுக்கும்படியும் உடலோடு ஒட்டிய பையில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில், வலி தொடங்கிய தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால்தான் அது நன்கு பலனளிக்கும்.

வலி வந்துவிட்டால்

முதலில் நடையை நிறுத்தி, நிழலான, காற்று வீசாத இடத்தில் அமர வேண்டும். நீர் அருந்தி, முடிந்தால் சிறிது உண்டு, மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரையை எடுக்க வேண்டும். பார்வைக் குறைபாடோ, தலைசுற்றலோ இருக்கும்போது செங்குத்தான பாதையில் ஓரடியும் எடுத்துவைக்கக் கூடாது. வலி முழுமையாக நீங்கும் வரை மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் வலி நீங்காமல் கூடிக்கொண்டே போனால், அன்றே கீழே இறங்க வேண்டும்.

பின்வரும் அறிகுறிகளில் எது தென்பட்டாலும் அது அவசர நிலையாகும்: நேர்க்கோட்டில் குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுதல், குழப்பமான பேச்சு, ஓய்விலும் மூச்சுத் திணறல், நெஞ்சில் சளி கரகரத்தல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், சில நொடிகளில் உச்சம் தொடும், வாழ்நாளில் அறியாத கடும் வலி, கீழே விழுந்து அடிபட்ட பின் வரும் தலைவலி.

இவற்றில் தள்ளாட்டம், குழப்பம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு முதல் சிகிச்சை உடனடியாகக் கீழே இறங்குவதே. இரவு என்றோ, சிகரம் அருகில்தான் என்றோ காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரைத் தனியே அனுப்பவும் கூடாது. ஆக்சிஜனும் மருந்தும் கிடைத்தாலும், அவை இறங்குவதற்குத் துணையே தவிர, அதற்கு மாற்று அல்ல. தொலைபேசித் தொடர்பு உள்ள இடங்களில் 112 என்ற எண்ணில் அவசர உதவி கோரலாம். லடாக், ஜம்மு-காஷ்மீர் பகுதிகளில் பிற மாநிலங்களின் முன்கட்டண சிம் அட்டைகள் இயங்குவதில்லை என்பதால், குழுவில் ஒருவரேனும் பின்கட்டண இணைப்பு வைத்திருப்பது நல்லது.

ஒற்றைத் தலைவலி உள்ளோர் குழுவில் சேரும் முன், நடத்துநர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் அவருடன் இறங்குவதற்குத் தனி வழிகாட்டி உண்டா? ஓய்வு நாள் ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டால் அட்டவணையில் அதற்கு இடம் உண்டா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்கும் குழுவுடன் செல்வதே பாதுகாப்பானது.