ராச்செஸ்டர்க் கோட்டையின் நான்காவது மூலை



இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ராச்செஸ்டர். லண்டனிலிருந்து டோவர் துறைமுகம் செல்லும் பழைய பெருவழி இவ்வூரில்தான் ஆற்றைக் கடக்கிறது. அவ்வழியைக் காத்த கோட்டைக்குள் நிற்கும் காவற்கோபுரத்தைக் காணச் சென்றிருந்தேன்.

கான்டர்பரிப் பேராயர் வில்லியம் என்பார் 1127-ஆம் ஆண்டில் பெற்ற அரசுரிமையின்படி எழுப்பிய கோபுரம் அது. உயரம் 113 அடி. அடிச்சுவரின் கனம் ஏறத்தாழ 12 அடி. இன்று கூரையும் இல்லை, மாடித் தளங்களும் இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து நோக்கினால், உத்திரங்கள் பொருந்தியிருந்த குழிகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. நடுவே கோபுரத்தை இரு கூறாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர். கிணறு அச்சுவருக்குள்ளேயே மேலெழும்புகிறது; ஒவ்வொரு மாடியிலிருந்தும் நீர் இறைக்கலாம். முற்றுகையை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள்!

வெளியே வந்து சுற்றி நடந்தபோது ஒரு புதுமையைக் கண்டேன். மூன்று மூலைகள் சதுரமாக இருக்கின்றன. தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டையாக இருக்கிறது. காரணம் என்ன?

1215 ஜூன் மாதத்தில் ஜான் மன்னன், பிரபுக்களின் வற்புறுத்தலால் மாக்னா கார்ட்டா என்னும் மகா சாசனத்துக்கு இசைந்தான். சில மாதங்களிலேயே அதை உதறித் தள்ளினான். கிளர்ந்தெழுந்த பிரபுக்களின் படையினர் இக்கோட்டையைக் கைக்கொண்டனர். அக்டோபரில் மன்னன் முற்றுகையிட்டான். கல்லெறி பொறிகளால் கோபுரம் அசையவில்லை. எனவே தென்கிழக்கு மூலையின் அடியில் சுரங்கம் தோண்டி, மேற்சுமையை மரக்கால்களால் தாங்கச் செய்தனர். உணவுக்கு அவ்வளவாக உதவாத கொழுத்த பன்றிகள் 40 உடனே வேண்டுமென நவம்பர் 25-ஆம் நாள் மன்னன் ஆணை விடுத்தான். அவற்றின் கொழுப்பு நெருப்பை வளர்த்தது, மரக்கால்கள் எரிந்தன, மூலை சரிந்தது.

அப்போதும் வீரர்கள் பணிந்தார்களில்லை. குறுக்குச் சுவருக்கு அப்பால் ஒதுங்கி, குதிரை இறைச்சியை உண்டு போராடினர். நவம்பர் 30-ஆம் நாள் அவர்களைப் பணிய வைத்தது பசியே.

மறு ஆண்டு ஜான் இறந்தான். மகன் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் மூலை மீண்டும் எழுந்தது. சதுர மூலையைப் பெயர்ப்பது எளிது; வளைந்த சுவரில் எறிகல் சறுக்கிப் போகும். ஆதலால் உருண்டையாகக் கட்டினர். தந்தை உதறிய சாசனமும் அதே ஹென்றியின் பெயரால் 1216-லும் 1225-லும் திருத்தங்களுடன் வெளியாயிற்று. கோபுரம், சாசனம் ஆகிய இரண்டும் மீண்டன. ஆனால் பழைய உருவில் மீளவில்லை.

பழங்கட்டடங்களைக் காணச் செல்லும்போது, ஒன்றோடொன்று ஒவ்வாத பகுதி எங்கே உள்ளது என்று பாருங்கள். வரலாறு பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.