சேப்பாக்கத்தில் மூடிக்கிடந்த இருக்கைகள்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அவர்களுக்காக நகரைச் சுற்றிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் தோன்றுவதையும், விழா ஓய்ந்ததும் அவை மீண்டும் வெற்றிடமாவதையும் வேங்கிக்காலில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரு நாள் கூட்டத்திற்கு நிரந்தரக் கட்டடம் எழுப்பினால், மற்ற நாள்களில் அதனை என் செய்வது? விளையாட்டரங்கம் கட்டுவோர் யாவரும் எதிர்ப்படும் வினா இது. சென்னைச் சேப்பாக்கம் இதற்கு நல்ல சான்று.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் அங்கு அரண்மனை எழுப்பினார். 1855-இல் கடைசி நவாப் மறைந்தபின் அது ஆங்கில அரசின் கைக்குச் சென்றது. (நவாபின் வழியினர் அமீர் மஹாலுக்குப் பெயர்ந்தது தனிக்கதை, இங்கு விரிக்க இடமில்லை.) 1865-இல் அரண்மனையைச் சார்ந்த நிலத்தில் ஒரு பகுதியை மதராஸ் கிரிக்கெட் கழகம் பெற்றது. நவாபின் தோட்டம் ஆடுகளமாயிற்று. 1934-இல் முதல் டெஸ்ட் ஆட்டமும் அங்கு நடந்தது.

2011-இல் உலகக் கோப்பையை ஒட்டிப் பார்வையாளர் மாடங்கள் புதிதாக எழுந்தன. கடற்காற்று உள்ளே புகும் வண்ணம் மெல்லிய சவ்வுக் கூரையும் அமைத்தனர். ஆயினும் ஐ, ஜே, கே என்னும் மூன்று மாடங்கள், ஏறத்தாழ 12,000 இருக்கைகளுடன், 2012 முதல் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தன. அவற்றிற்கும் அருகிலிருந்த கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திற்கும் இடையே விதி கோரும் திறந்தவெளி இல்லை என்பதே காரணம். அந்தக் கூடம் அகற்றப்பட்ட பின்னரே வழி பிறந்தது. இருக்கை இருந்தும் வெளியேற இடமில்லை! இவ்வளவு பொருட்செலவில் கட்டியோர் இதனை முன்னமே எண்ணியிருக்க வேண்டாவா?

பழைய உரோமர் எண்ணினர். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் தரைத்தளத்தில் 80 வளைவு வாயில்கள். அவற்றுள் 76-க்கு எண் பொறித்திருந்தனர். வந்தோர் தத்தம் எண்ணுக்குரிய வாயிலில் நுழைந்தனர். வெயிலுக்கு விரிக்கவும் பின் சுருட்டவும் துணிக்கூரை இருந்தது. நம் காலத்தில், 2025 சூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களருகே நெரிசலில் 11 பேர் மாண்டனர். உள்ளே எத்தனை இருக்கை என்பது அன்று வெளியே திரண்ட பெருங்கூட்டத்திற்குப் பொருட்டாகவே இல்லை.

இருக்கைகளைக் கூட்டவும் குறைக்கவும் இன்று வழியுண்டு. 2022 உலகக் கோப்பைக்காகக் கத்தார் நாட்டார் சரக்குக் கொள்கலன்களை அடுக்கி 974 என்னும் பெயரில் அரங்கமைத்தனர். கழற்றுவதற்கென்றே எழுந்த அது, போட்டி முடிந்த பின்னும் சில ஆண்டுகள் கழற்றப்படாமலே நின்றது வேடிக்கை.

கூட்டம் பெருகும் நாளுக்குத் திறந்தவெளியை நாடுவது நமக்குப் புதிதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகைக்குத் தம் பள்ளியை விடுத்து, மதீனாவின் திறந்த முஸல்லாவுக்குச் சென்றார்கள். நம் ஈத்காக்களுக்கு ஒரு சுவரும் மிஹ்ராபும் மிம்பரும் போதும். மழை வந்தால்தான் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். வருவாய் கருதி ஈத்காவின் ஓரங்களில் கடைகள் கட்ட எண்ணும் ஜமாஅத்துகள், கடைக்கால் தோண்டுமுன், பெருநாள் கூட்டம் கலைந்து வெளியேறும் வாயில்களின் அகலத்தை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.