1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டமும் கிறிஸ்தவ மனைவியும்

இன்று நம் ஆலயங்களில் மணமகனும் மணமகளும் ஒரே உடன்படிக்கையை ஒருவருக்கொருவர் அளிக்கின்றனர். ஆயின் அவ்வுடன்படிக்கை முறிந்து நீதிமன்றத்தை அடைந்தபோது, 1869 முதல் 2001 வரை 132 ஆண்டுகள், இந்தியக் கிறிஸ்தவக் கணவனுக்கு ஓர் அளவுகோலும் மனைவிக்கு வேறோர் அளவுகோலும் இருந்து வந்தன. கணவன் தன் மனைவியின் விபசாரம் ஒன்றை மட்டும் மெய்ப்பித்தால் மணவிலக்குப் பெறலாம். மனைவிக்கோ கணவனுடைய விபசாரம் மட்டும் போதாது. அதனுடன் கொடுமையோ, இரண்டாண்டுக் காலம் கைவிட்டமையோ சேர்ந்திருக்க வேண்டும்; அல்லது அவ்விபசாரம் மணக்கக் கூடாத உறவினளுடன் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். இருதார மணம், வன்புணர்ச்சி போன்ற வேறு சில காரணங்களையும் சட்டம் குறித்திருந்தது. ஆனால் மனைவியை அடித்துத் துன்புறுத்துகிறவன் அக்குற்றங்களில் எதுவும் செய்யாதவனாயிருப்பின், அவள் பெறக்கூடியது நீதிமன்றப் பிரிவு மட்டுமே. அதனால் மண உறவு நீங்காது, மறுமணத்துக்கும் வழியில்லை.

இதனைக் 'கிறிஸ்தவச் சட்டம்' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்பதை வரலாற்றைக் கொண்டே ஆராய வேண்டும்.

இங்கிலாந்தில் 1857 வரை மண வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களுக்கு உரியவையாயிருந்தன. அவை கணவன் மனைவியரைப் பிரித்து வைக்கலாமேயன்றி, மறுமணத்துக்கு இடந்தரும் விலக்கை வழங்க இயலாது. அத்தகைய விலக்கு வேண்டுவோர் தமக்கெனத் தனிச் சட்டமொன்றைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரும் பொருள் படைத்தோர்க்கே அது கைகூடும். அவ்வழியில் வெற்றி பெற்ற பெண்கள் நால்வரே. அவர்களுள் முதலாமவரான ஜேன் அடிசன் 1801-இல் விலக்குப் பெற்றது, கணவன் அவருடைய உடன்பிறந்த சகோதரியோடு தகாத உறவு கொண்டிருந்தமையால் ஆகும். 1857-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழக்குகளைப் புதியதோர் அரசு நீதிமன்றத்துக்கு மாற்றியது. ஆயினும் பழைய வேற்றுமையை அது களையவில்லை. சட்ட வாசகமாகவே அதனை எழுதி வைத்தது. மனைவி தவறினால் பிறக்கும் பிள்ளை யாருடையது என்ற ஐயம் எழும், சொத்து அந்நியனின் பிள்ளைக்குப் போய்விடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். இது நிலவுடைமையாளரின் அச்சமேயன்றி நற்செய்தியின் போதனை அன்று. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு கிறிஸ்து மனைவியைத் தள்ளிவிடும் கணவனையும் கணவனைத் தள்ளிவிடும் மனைவியையும் ஒரே நிறையில் நிறுத்துகிறார். மத்தேயுவில் காணப்படும் விதிவிலக்கைப் பற்றி விளக்கவுரையாளர் பலவாறு கூறுவர். எனினும் கணவனுடைய விபசாரம் மனைவியினுடையதைவிட இலேசானது என்று திருமறையில் எங்கும் நாம் காண்பதில்லை.

இந்திய வரலாற்றில் இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அரசப் பிரதிநிதியின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த ஹென்றி மேய்ன் முன்னின்று நடத்தி 1866-இல் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டத்தை நிறைவேற்றினார். கிறிஸ்தவராகிவிட்ட ஒருவரை அக்காரணம் பற்றியே துணைவர் விட்டுப் பிரிந்தால், மதம் மாறியவர் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிபதி அத்துணைவரை வரவழைத்து, சேர்ந்து வாழ விருப்பம் உண்டா என வினவுவார். ஓராண்டுத் தவணையும் அளிப்பார். அதன் பின்னும் மறுப்பே விடையாயின் மணம் முறியும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் கூறியதோடு இது ஒத்திருப்பதை வாசகர் உணர்வர். மதம் மாறியவர் கணவனாயினும் மனைவியாயினும் உரிமை அங்கே ஒன்றே. திருமறைப் பகுதியொன்றின் சாயல் படிந்த சட்டத்தில் சமநிலை இருந்தது. மூன்றே ஆண்டுகள் கழித்து இலண்டன் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டதில் அது மறைந்துவிட்டது!

1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இங்கிலாந்து நீதிமன்றங்களின் கோட்பாடுகளையே இங்கும் பின்பற்றுமாறு பணித்தது. மனைவியைக் கெடுத்தவனிடம் கணவன் நட்டஈடு கோரலாம் என்றது 34-ஆம் பிரிவு. மனைவிக்கு அத்தகைய உரிமை கொடுக்கப்படவில்லை. அவள் பொருளாகவே எண்ணப்பட்டாள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வழக்கு நடக்கும் காலத்தில் அவளுக்குரிய வாழ்க்கைப்படி கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. திருநெல்வேலியில் மாவட்ட நீதிபதி மணவிலக்கு அளித்தாலும், சென்னை உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தும்வரை அது நிறைவு பெறாது.

மூலச் சட்டத்தைத் தந்த இங்கிலாந்தோ 1923-இல் இவ்வேற்றுமையை நீக்கிவிட்டது. 1937-இல் கொடுமையும் கைவிடுதலும் தனித்தனிக் காரணங்களாயின. இந்நாட்டிலும் பார்சியருக்கு 1936-இலும், முஸ்லிம் பெண்களுக்கு 1939-இலும், இந்துக்களுக்கு 1955-இலும் புதிய சட்டங்கள் பிறந்தன. கிறிஸ்தவர் மட்டும் பழைய இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டிருந்தனர். சட்ட ஆணையம் 1960-இல் இதனை ஆராய்ந்தது. 1962-இல் மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்து காலாவதியாயிற்று. 1983-இல் ஆணையம் மீண்டும் வற்புறுத்தியது. சிறுபான்மையோர் தாமே முன்வந்து கேளாமல் அவர்தம் குடும்பச் சட்டத்தில் கைவைப்பதில்லை என்று அரசு தயங்கியது. சபைகளிடையே ஒருமனம் உண்டாக நெடுங்காலம் சென்றது. மணவிலக்கை எளிதாக்கினால் திருமணத்தின் புனிதம் குன்றும் என நம்மவர் அஞ்சினர். அவ்வச்சம் உண்மையானதே, அதனை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் சட்டம் கணவனுக்கு என்றுமே எளிதாயிருந்தது என்பதை அவர்களுள் எத்தனைபேர் எண்ணிப் பார்த்தனர்?

முதலில் கதவைத் திறந்தது நீதிமன்றமே. 1995-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம், கொடுமையோடும் கைவிடுதலோடும் விபசாரத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்ற சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என நீக்கியது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. பெரும்பாலான காரணங்கள் இருவருக்கும் பொதுவாயின. 7, 34 ஆகிய பிரிவுகளும், ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பும், மாவட்ட நீதிபதியின் தீர்ப்பை உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதியும் மறைந்தன. இங்கிலாந்தின் பெண்கள் பெற்றதை நம் பெண்கள் பெற 78 ஆண்டுகள் கூடுதலாயின.

அத்திருத்தத்திலும் ஒரு கறை இருந்தது. துணைவருக்குத் தொழுநோய் கண்டிருத்தல் மணவிலக்குக்குக் காரணமாகலாம் என்று அது புதிதாகச் சேர்த்தது. தொழுநோயாளரைத் தொட்டுக் குணப்படுத்தியவரின் பெயரைத் தரித்த மக்களுக்குரிய சட்டத்தில், அந்நோய்க்கு மருந்து கண்டறியப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், அவ்வாசகம் இடம் பெற்றது. 2019-இல்தான் பிற சமயத்தாரின் சட்டங்களிலிருந்தும் இதிலிருந்தும் அது ஒருசேர நீக்கப்பட்டது.