நிலவு சுமந்த கடற்படைச் செய்தி

ரமழானிலும் பெருநாளிலும் தலைப்பிறை தென்பட்டதா என்று மேற்கு வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்பவர்கள் நாம். அதே நிலவை ஒரு கடற்படை தபால்காரனாக வைத்து வேலை வாங்கியது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

செயற்கைக்கோள் வரும்வரை தூரக் கடலில் நிற்கும் கப்பலுடன் பேசச் சிற்றலை வானொலியையே நம்பியிருந்தார்கள். அந்த அலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவது. சூரியனில் கொந்தளிப்பு எழுந்தால் அடுக்கு குழம்பும், தொடர்பும் அறுந்துவிடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தின் ஜேம்ஸ் ட்ரெக்ஸ்லர் நிலவின் பக்கம் திரும்பினார். உண்மையில் அவருடைய முதல் நோக்கம் வேறு: நிலவில் பட்டுத் தெறிக்கும் சோவியத் ராடார் அலைகளை ஒட்டுக் கேட்பது! 1954 ஜூலையில் மேரிலாந்திலிருந்து அவர் பேசிய குரல் நிலவில் மோதி, இரண்டரை விநாடியில் அவரிடமே திரும்பி வந்தது. 1960 இல் வாஷிங்டனுக்கும் ஹவாய்க்கும் இடையே இந்த வழியில் படம்கூட அனுப்பிக் காட்டினார்கள். 1961 இல் ஒக்ஸ்ஃபோர்ட் என்ற கப்பல் நிலவுவழிச் செய்தியைப் பெற்றது.

இதற்குப் பிறை கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை. அமாவாசையோ பகலோ, இரு முனைகளிலும் நிலவு அடிவானத்துக்கு மேலே இருந்தால் சரி. குறையும் அதுதான். நிலவு மறைந்தால் பேச்சும் நின்றுவிடும். 1966 இல் அமெரிக்கா ஒரே ரொக்கெட்டில் 7 இராணுவத் தொடர்புச் செயற்கைக்கோள்களை ஏவியது. நிலவுக்கு மெல்ல ஓய்வு கிடைத்தது.

ஆனால் லிபர்ட்டி என்ற உளவுக் கப்பலில் நிலவை நோக்கிய கிண்ண அன்டெனா இன்னும் இருந்தது. 1967 ஜூன் 8, ஆறு நாள் யுத்தத்தின் நான்காம் நாள், சினாய்க் கரையில் அல்அரீஷுக்கு அப்பால் நின்ற அந்தக் கப்பலை இஸ்ரேலிய விமானங்களும் டோர்பிடோப் படகுகளும் தாக்கின. 34 பேர் இறந்தார்கள். தவறுதலாக நடந்தது என்றது இஸ்ரேல். உயிர் தப்பிய மாலுமிகள் பலர் அதை ஏற்கவேயில்லை.

நமக்கு உறுத்துவது இன்னொன்று. கரையிலிருந்து 100 கடல் மைல் விலகி நில் என்ற கட்டளை, தாக்குதலுக்கு முன்பே வாஷிங்டனிலிருந்து புறப்பட்டிருந்தது. அது பிலிப்பைன்ஸ் பக்கமெல்லாம் வழிமாறிப் போய், உரிய நேரத்தில் கப்பலுக்குக் கிடைக்கவில்லை. நிலவைத் தொடக்கூடிய கிண்ணம் மேல்தட்டில், கட்டளையோ யாரோ ஒருவரின் மேசையில்.

குண்டுபட்ட அன்டெனாக்களில் ஒன்றுக்குத் தாக்குதலின் நடுவே கம்பி இழுத்து மாலுமிகள் உதவி கேட்டார்கள். கேட்டது அதே பழைய சிற்றலை வானொலியில்.