சாரிட்டி பட்லரும் ஸ்டீவன்ஸின் கல்லறையும்



நினைவுநாளில் கூடும் நாம் இறந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவதில்லை. அவர் விட்டுச்சென்ற கணக்கையும் பார்க்கிறோம். அமெரிக்க வழக்கறிஞர் தேடியஸ் ஸ்டீவன்ஸின் (1792–1868) கணக்கு ஒரு கடனில் தொடங்குகிறது.

வெர்மான்ட்டில், வளைந்த பாதத்தோடு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞரானார். சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கேட்டு வழக்காடினார். வெளிமாநில ஆண்டை தன் அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை என்பது அங்குள்ள சட்டம். விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டக் கூடாது என்று வாதாடி, 1821இல் ஆண்டையை வெல்ல வைத்தவர் ஸ்டீவன்ஸ். சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நீடித்தனர்.

பிறகு அதே சட்ட அறிவைத் தப்பிவந்த அடிமைகளுக்காகச் செலவிட்டார். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதை எழுதிய அவையில் உறுப்பினராக இருந்தும் கையெழுத்திட மறுத்தார். நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையில், அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கும், குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த 14ஆம் திருத்தத்துக்கும் முன்னின்று போராடினார்.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் உணர்ந்திருந்தார். 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த கலகக்காரப் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் தரவேண்டும் என்று 1865இல் முழங்கினார். சபை ஏற்கவில்லை. அடிமைகளாக இருந்தோர் பழைய ஆண்டைகளின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினர். வாக்குச்சீட்டு நம் கையிலும் வயல் ஆண்டை கையிலும் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1868 ஆகஸ்டில் இறந்தார். லங்காஸ்டரின் பெரிய இடுகாடுகள் கறுப்பினத்தவரை ஏற்காததால், எல்லோரையும் ஏற்ற சிறு இடுகாட்டைத் தேர்ந்து, அந்தக் காரணத்தைத் தன் கல்லறையிலேயே பொறிக்கச் செய்திருந்தார். பிணத்துக்கும் பாதை மறுக்கப்படும் ஊர்களிலிருந்து வரும் நாம் அந்தக் கல்லின் பொருளை அறிவோம்.

எனினும் அந்தக் கல் சாரிட்டிக்கு விடுதலை தரவில்லை. நம் பக்கம் வருவோரை வரவேற்போம். அவர்களுடைய பழைய வழக்குகளையும் மறக்க மாட்டோம். மனம் மாறியதற்குச் சான்றாக நாம் கேட்பது கண்ணீரை அல்ல, நிலத்தை. ஸ்டீவன்ஸ் அதைக் கேட்டார். ஆகவே அவரை நினைக்கிறோம், சாரிட்டியின் பெயரை முதலில் சொல்லி.